டாக்டர் அழகி கையெழுத்திட்ட தண்ணீர்

மாடு குத்திக் குடல் சரிந்து வந்தவர்களைக் கண்டு டாக்டர் அழகிக்குக் கை நடுங்கியதில்லை. தை பிறந்துவிட்டால் புதுக்கோட்டை வட்டாரத்தில் அப்படி வாரத்துக்கு நாலைந்து பேர் வருவார்கள். வேட்டியால் வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "மாடு புடிபட்டுச்சா டாக்டரம்மா?" என்று மேசையில் படுத்தபடியே கேட்பார்கள். அவர்களைத் தைத்து வீட்டுக்கு அனுப்பிய கை அது. அந்தக் கைதான் அறுபத்திரண்டாவது வயதில், நல்ல பகல் பதினொரு மணிக்கு, ஒரு மாணவியின் கட்டிலோரத்தில் நடுங்கியது.

மாணவியின் பெயர் பிளெஸ்ஸி. எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு. விடுதியில் பத்து நாளாகப் பதினொரு பெண்களுக்குக் காமாலை. மற்ற பத்துப் பேர் கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். பிளெஸ்ஸி மட்டும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிட்டாள்.

"ரெண்டு கையையும் முன்னால நீட்டும்மா."

நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை விட்டுவிட்டு உதறியது.

"இன்னைக்கு என்ன கெழமை?"

"அப்பா பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாரு" என்றாள் பிளெஸ்ஸி.

ஈரல் கைவிடத் தொடங்கிவிட்டது, நஞ்சு மூளைக்கு ஏறுகிறது என்பதை அறிய அழகிக்கு ரிப்போர்ட் தேவைப்படவில்லை. சென்னையில் ஈரல் சிகிச்சை மருத்துவமனைக்குப் பேசினார். ஆம்புலன்சுக்குச் சொன்னார்.

வல்லத்திராக்கோட்டையில் கடலை விவசாயம் செய்த ஆண்டியப்பனுக்கும் மூக்காயிக்கும் மூன்றாவது மகள் அழகி. ஊரில் முதல் டாக்டர். மேற்படிப்புக்கு அறுவை சிகிச்சையைக் கேட்டபோது பேராசிரியர், "பொண்ணுங்களுக்குப் பிரசவம் பாக்குறது போதாதா?" என்றார். "அங்கயும் வயித்தத்தானே சார் அறுக்குறாங்க" என்றார் அழகி. அந்த ஒரு பதிலுக்காக ஆறு மாதம் அவரைக் கத்தி தொடவிடவில்லை. அறுத்த வயிற்றை விரித்துப் பிடிக்கும் கொக்கியோடு நிற்க வைத்தார்கள். நின்றார். நின்று நின்றே கற்றுக்கொண்டார்.

அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டு வேலை. அதில் பத்தொன்பது ஆண்டு அவரோடு மேசையில் நின்றவர் நர்ஸ் பிச்சையம்மாள். அறுவை செய்கிறவர் காயத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. கையை மட்டும் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். எது தேவையோ அது உள்ளங்கையில் வந்து விழ வேண்டும். வாய் திறந்து கேட்குமுன் பிச்சையம்மாள் வைத்துவிடுவார். ஒருமுறைகூட மாறி வைத்ததில்லை. திரும்பிப் பார்க்காமல் கை நீட்டுவது அழகிக்கு மூச்சு விடுவது போல் ஆகிவிட்டது.

ஓய்வு பெற்றதும், திருவரங்குளம் போகும் சாலையில் புதிதாய் எழுந்த ஒரு தனியார் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அவரைத் துணைவேந்தராக அழைத்தார்கள். அறக்கட்டளைக்கு வேண்டியிருந்தது அவருடைய அறிவு அல்ல, பெயர். மாவட்டத்தில் அந்தப் பெயரால் பிழைத்த வயிறுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பதிவாளர் ரெங்கராஜ் கெட்டிக்காரர். ஒரே வாரத்தில் அந்தக் கையைப் படித்துவிட்டார். அழகி ஆய்வுக் கட்டுரையிலோ பாடத்திட்டத்திலோ மூழ்கியிருக்கும்போது அருகில் வந்து நிற்பார். கை தானாக நீளும். பேனாவை அதில் வைத்து, கையெழுத்துப் பக்கம் திறந்திருக்கும் கோப்பை மேசையில் நகர்த்துவார். "ரொட்டீன்தான் மேடம்." அழகி போட்டுவிட்டுத் தன் வேலையைத் தொடர்வார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இப்படி ஓடின.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நேரே அலுவலகத்துக்கு வந்தவர், "விடுதித் தண்ணியக் கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணுனாங்க?" என்று கேட்டார்.

ரெங்கராஜ் சிரித்தார். "என்ன மேடம், நீங்களே பண்ணிட்டு என்னையக் கேக்குறீங்க?"

கோப்பை எடுத்து வைத்தார். மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. நிலத்தடித் தொட்டி கழுவப்பட்டது, நீர் மாதிரி ஆய்வு செய்யப்பட்டது, குடிக்க உகந்தது, துணைவேந்தர் நேரில் பார்வையிட்டுச் சான்றளிக்கிறார். கீழே அவர் கையெழுத்து. ஒரு சுழி பிசகாமல் அவருடையதேதான்.

அந்தத் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அழகிக்குத் தெரியாது.

விடுதிச் சமையல்கூடத்தில் வேலை பார்க்கும் அமிர்தவல்லியை அழைத்துக்கொண்டு போனார். சமையல்கூடத்துக்குப் பின்னால், கழிவறைக் குழாய்கள் இறங்கும் சுவரை ஒட்டி இருந்தது தொட்டி.

"அங்கிட்டுப் போகாதீங்கம்மா, வழுக்கும். இங்கிட்டு வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார் அமிர்தவல்லி. இரும்பு மூடியை இருவருமாய் நகர்த்தினார்கள்.

நாற்றம் முதலில் வந்தது. பிறகு கண் பழகியது. உள்சுவரில் ஒரு விரல் அகலத்துக்கு வெடிப்பு. அதன் வழியே கருப்பாய் ஏதோ கசிந்து, தண்ணீரில் ஒரு கோடாக இறங்கிக் கரைந்தது. தினமும் நானூற்று முப்பது பெண்கள் குடிக்கும் தண்ணீர்.

"நாலு தடவ சொன்னேம்மா ரெங்கராஜ் சாருகிட்ட. 'அமிர்தவல்லி, ஒனக்கு மூக்கு ரொம்ப நீளம், கொஞ்சம் அறுத்துவிடச் சொல்லுவோமா மேடத்துக்கிட்ட'ன்னு சிரிச்சாரு. நான் எங்க வீட்டுத் தண்ணியக் கேன்ல கொண்டாந்துதான் குடிக்கிறேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உங்ககிட்டயா? உங்க ரூமுக்குள்ள எங்களையெல்லாம் யாரு விடுவா?"

அலுவலகத்தில் ரெங்கராஜ் காத்திருந்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"டிரஸ்ட் சேர்மன் பேசுனாரு மேடம். வாஸ்து பாக்குறவரக் கூட்டியாந்து காமிச்சாச்சு. வடகெழக்குல இருக்க வேண்டிய தண்ணி தென்மேற்குல இருக்காம். அதான் பிள்ளைகளுக்கு ஒடம்புக்கு முடியல. வெள்ளிக்கெழம ஹோமம். அதுவரைக்கும் யாரும் வாயத் தெறக்க வேணாம்னாரு."

உலகுக்கு மருத்துவம் கற்பிக்க வந்த இடம் அது. சுவரில் கிருமியைக் கண்டறிந்த விஞ்ஞானிகளின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. அவற்றின் கீழே நின்றுகொண்டு ஒரு மனிதர் திசையைப் பற்றிப் பேசினார். மலத்துக்கு வடகிழக்கு தெரியுமா? ஹோமப் புகை வெடிப்பை அடைக்குமா? அடைக்காது என்பது சேர்மனுக்கும் தெரியும். அவர் பிள்ளைகள் வெளிநாட்டில் பாட்டில் தண்ணீர் குடிக்கிறார்கள். ஏழை வீட்டுப் பெண்ணின் ஈரலுக்கு ஹோமம், தன் பிள்ளைக்குப் பாட்டில். இந்த நாட்டில் மூடநம்பிக்கைக்கு எப்போதும் இரண்டு விலை.

"தண்ணிய இப்பவே நிறுத்தணும். நாலு மணிக்குக் குழாய்க்குத் தண்ணி விடுற மோட்டாரப் போடக் கூடாது" என்றார் அழகி.

"நிறுத்துனா ஏன்னு கேப்பாங்க மேடம். கேட்டா இந்தப் பேப்பரு வெளிய வரும்." ரெங்கராஜ் குரலைத் தாழ்த்தினார். "நான் இதுல எங்கயுமே இல்ல, பாத்தீங்களா? நீங்க மட்டுந்தான். பொய்ச் சான்றிதழ்னு கேஸு வரும். டாக்டர் ரெஜிஸ்ட்ரேஷனக்கூட எடுத்துருவாங்க. அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா…"

பெயருக்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் வல்லத்திராக்கோட்டை அழகியிடம் மிச்சம் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு மூன்றே நாள். சத்தமில்லாமல் இரவோடு இரவாக வெடிப்பைப் பூசிவிட்டால்? ஒரு கணம் அப்படியும் நினைத்தார். நினைத்தது தன் மனம்தான் என்று தெரிந்ததும் தொட்டியைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய பயம் வந்தது.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டதாகப் போன் வந்தது. இறங்கிப் போனார்.

பிளெஸ்ஸியின் அப்பா பீட்டர் வாசலில் நின்றிருந்தார். மினி பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டையோடு வந்திருந்தார்.

"டாக்டரம்மா, என்னையத் தெரியுதா? இருபது வருசம் முந்தி அப்பெண்டிஸ் வெடிச்சுத் தூக்கியாந்தாங்க, நீங்கதான் அறுத்தீங்க." சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். "பிள்ளைக்கு ரெண்டு எடத்துல சீட்டு கெடச்சுது. இங்க போர்டுல உங்க பேரு இருந்துச்சு. கண்ண மூடிக்கிட்டுச் சேத்துட்டேன். நீங்க பாத்துக்கிருவீங்கள்ல?"

மணி மூன்று இருபது. இவரிடம் சொல்லிவிட்டால் மறைக்க வழியே இருக்காது. அது தெரிந்துதான் அழகி சொன்னார்.

"பீட்டர், விடுதித் தண்ணியில கக்கூசுத் தண்ணி கலந்திருக்கு. அதாலதான் இது. அது நல்ல தண்ணின்னு கையெழுத்துப் போட்டது நான். பாக்காமப் போட்டேன்."

பீட்டர் சட்டையை மெல்லக் கீழே இறக்கினார்.

"பாக்காமயா?"

"ஆமா."

"என் வயித்தையும் பாக்காமயாம்மா அறுத்தீங்க?"

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். கத்தவில்லை. மகளின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆம்புலன்சில் ஏறினார். கதவு சாத்தும்வரை அவர் பார்வை அழகியின் முகத்தைவிட்டு நகரவில்லை.

அழகி மோட்டார் அறைக்குப் போய்ச் சுவிட்சை அணைத்து, பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். தொட்டியின் வெடிப்பைப் போனில் படம் பிடித்தார். தன் அறைக்குத் திரும்பி, மாவட்ட சுகாதார அதிகாரிக்குத் தன் கையாலேயே இரண்டு பக்கம் எழுதினார்: நோயாளிகள் பதினொருவர், தொட்டியின் நிலை, நான் அளித்த சான்று பொய். படங்களோடு அதையும் போனிலேயே அனுப்பினார்.

ரெங்கராஜ் வாசலை மறித்தாற்போல் நின்றார். "நாளைக்கு நீங்க இந்த ரூம்ல இருக்க மாட்டீங்க மேடம்."

"தெரியும். வழிய விடுங்க."

தைரியம் வந்துவிடவில்லை. ஆனாலும் படியிறங்கி விடுதிக்குப் போனார்.

உணவுக்கூடத்தில் பெண்கள் பாட்டில்களோடு நின்றார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சலசலத்தார்கள். அழகி ஒரு பெஞ்சில் கையூன்றிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார், கையெழுத்து உட்பட. எங்கோ ஒரு பாட்டில் கீழே விழுந்து உருண்டது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள். வைஷ்ணவி என்று பேர். குன்றாண்டார்கோவில் பக்கம். "காலையில வரைக்கும் குடிச்சோமே மேடம், அதுக்கு என்ன செய்யிறது?"

"உள்ள போனது வெளிய தெரிய நாலு வாரம் ஆகலாம். ஏழு வாரமும் ஆகலாம். எல்லாருக்கும் வராது. யாருக்கு வரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது. ஒவ்வொருத்தரா வாங்க, பாக்குறேன். ரத்தமும் எடுக்கணும்."

மேற்கு ஜன்னலருகே நாற்காலி போடச் சொன்னார். காமாலையின் தொடக்கம் மின்விளக்கில் தெரியாது. பகல் வெளிச்சம் வேண்டும். வெயில் இறங்க இன்னும் ஒன்றரை மணி நேரமே இருந்தது. நானூறுக்கு மேல் பெண்கள் வராந்தா முழுக்க வரிசையாக நின்றார்கள்.

வைஷ்ணவிதான் முதலில் உட்கார்ந்தாள்.

"ஜன்னலப் பாரும்மா. மேல பாரு."

கட்டைவிரலால் கீழ் இமையை இறக்கினார். வெளிச்சத்துக்கு நேராக அவள் தாடையைத் திருப்பி ஒருமுறை பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"என்ன மேடம், வெள்ளையாத்தானே இருக்கு?" என்றாள் வைஷ்ணவி.

அழகி தாளில் பன்னிரண்டு என்று எண் போட்டு அவள் பெயரை எழுதினார். "நீ அந்தப் பக்கமா போயி உக்காரும்மா" என்றார். "அடுத்து வாங்க."