ஏரிக்குள் கட்டிய மஞ்சள் கோடு

வேலைக்குக் கிளம்பினால் தெருமுனை வரை போய், கேஸை மூடினோமா என்று திரும்பி வந்து பார்க்கிறவன் நான். மூடித்தான் இருக்கும். ஆனாலும் வந்து பார்ப்பேன். "இவருக்குக் கனவு வந்தா அதுல கூட ஆம்புலன்ஸ்தான் வரும்" என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு, தெரியாத விஷயம் நிறைய இருக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். தெரியாததெல்லாம் ஒருநாள் நம் மேல் வந்து விழும் என்றே இருப்பேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. என் மகளுக்கும் தெரியாது. அவளுக்கு அப்போது பதினோரு வயது. அந்தக் கோடை லீவில் அவளுக்குப் பிடித்திருந்தது மீன் பிடிப்பது ஒன்றுதான். இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலே என் பயம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

அவளுக்குத் தூண்டில் கற்றுக்கொடுத்தது எங்கள் மாடி ரூமில் குடியிருக்கும் தம்பி. தாமிரபரணிக் கரையில் பிறந்தவன். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கம்பெனியில்தான் அவனும் லைனில் நிற்கிறான். முதல் மாதம் வாடகைக்கு வந்தவன், மூன்றாம் மாதத்தில் என் மனைவியை மதினி என்று கூப்பிட்டு ரசம் கேட்க ஆரம்பித்துவிட்டான். பி ஷிப்ட் வாரங்களில் எங்கள் இரண்டு பேருக்கும் மத்தியானம்தான் வேலை. காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ஏரிக்குப் போவோம். மனைவி காருக்கு வயர் கட்டுகிற ஹார்னஸ் கம்பெனியில் ஜெனரல் ஷிப்ட். எட்டு மணி பஸ்ஸுக்கு நிற்கும்போதே, "புள்ள தலையில துண்டு போட்டுக் கூட்டினு போ. சாயங்காலம் வந்து பாத்தா கருவாடாட்டம் கீது" என்பாள்.

என் மகள் தக்கைகளைத் தானே செய்வாள். பார்ட்ஸ் பெட்டிகளில் வரும் வெள்ளை ஃபோமை நான் கொண்டுவந்து கொடுப்பேன். அதைப் பிளேடால் முட்டை மாதிரி செதுக்கி, அம்மாவின் நகப்பாலிஷை எடுத்து மேல்பாதிக்குச் சிவப்பு அடிப்பாள். தண்ணீரில் அந்தச் சிவப்பு ஒரு துளி தெரிந்தால் போதும், மணிக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். ஜிலேபி மீன் மாட்டினால் கத்தமாட்டாள். திரும்பி என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்குவாள்.

ஏரி முன்பு இருந்த ஏரி இல்லை. சுற்றிலும் புதிதாக ஷெட் எழும்புகிற இடங்களை உயர்த்த மண் வேண்டும். ஏரிக்குள் யார் யாரோ வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். தண்ணீர் குறையும்போது நடுவில் பார்த்தால் கிணறு மாதிரி மூன்று பள்ளம். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே போனால் அடுத்த அடியில் ஆளே காணாமல் போய்விடும் ஆழம். மேலே மட்டும் ஒரே மட்டமாக, ஒரே நிறமாகத் தெரியும். அதுதான் என்னை வாட்டியது.

ஒருநாள் கம்பெனியில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். நடக்கிற ஆள் கோட்டுக்கு உள்ளே நடக்கணும், வண்டி வெளியே ஓடணும். பத்து வருடமாக அந்தக் கோட்டை நம்பித்தான் நானும் ஓட்டுகிறேன், மற்றவர்களும் நடக்கிறார்கள். பேலட்டில் பெட்டிகளைக் கட்டி வருகிற மஞ்சள் பிளாஸ்டிக் ஸ்ட்ராப் ஸ்கிராப்பில் கிடந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டுத்தான் எடுத்தேன். "குப்பையை எடுக்கப் பெர்மிஷன் கேக்குற ஒரே ஆளு நீதான்யா" என்றார்.

ஏப்ரலில் தண்ணீர் வற்றியிருந்தபோது மாடித் தம்பி நீளமான மூங்கிலை ஊன்றி ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டே போனான். "இங்கன வரைக்கும் தரை இருக்கண்ணே. அதுக்கு அங்கிட்டு பாதாளம்" என்று கத்தினான். நான் கரையில் நின்று, "போதும்டா, வா, வா" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினேன். இரண்டு முனையும் கரையைத் தொடுகிற மாதிரி வளைத்து எட்டுக் குச்சி நட்டு ஸ்ட்ராப்பை இழுத்துக் கட்டினோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர். அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது.

யாரிடமும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கம்பெனியில் இருக்கிறோம். மஞ்சள் கோட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. துணி துவைக்க வருகிற பெண்கள் கோட்டுக்குள் நின்றார்கள். மாடு கழுவுகிறவர் கோட்டுக்குள் கழுவினார். அதுவரை ஏரியில் இறங்கவே பயந்தவர்கள் கூட இறங்கினார்கள். இதை அப்போது நான் பெருமையாக நினைத்தேன். என் மகளிடம் தினமும் கேட்பேன், "கோட்டுக்கு எந்தப் பக்கம்?" அவள் சலித்துக்கொண்டு, "இந்தப் பக்கம்ப்பா. எத்தினி வாட்டி?" என்பாள்.

கோட்டுக்குள் நிற்கிற கொக்குகளையும் அவளுக்குக் காட்டுவேன். கொக்கு காலை ஊன்றி நிற்கிற இடத்தில் ஆழம் இருக்காது. காலையில் நாங்கள் போகும்போது கோட்டுக்குள் ஏழெட்டுக் கொக்காவது நிற்கும்.

மே மாதம் நடுவில் என்னை ஏ ஷிப்டுக்கு மாற்றினார்கள். காலை ஐந்தரைக்கே பஸ். அந்த வாரம் ஏரிக்குப் போக முடியவில்லை. தம்பி மட்டும் பி ஷிப்டில் இருந்தான். அவனோடு போகிறேன் என்று மகள் அடம் பிடித்தாள். நான் விடவில்லை. "ஞாயித்துக்கெழம எல்லாரும் போலாம்" என்றேன். அந்த வாரம் திங்கள் முதல் புதன் வரை கோடை மழை. மின்னல் வெட்டுகிறபோதெல்லாம் நான் டிவி பிளக்கைப் பிடுங்கினேன். தம்பி ஒருநாள் படியில் பார்த்தபோது ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி நின்றான். "இன்னாடா?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே. தண்ணி நல்லா ஏறிக் கெடக்கு" என்று மேலே போய்விட்டான்.

ஞாயிறு காலை நான்கு பேரும் போனோம். மனைவி தயிர் சாதமும் மாங்காய்த் துண்டும் கட்டி எடுத்துக்கொண்டாள். மழை கழுவிவிட்ட கரை வழுக்கியது. காற்றே இல்லை. கோடு அப்படியே இருந்தது. எட்டுக் குச்சியும் நின்றன. நான் எண்ணினேன். எண்ணி முடித்ததும் நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது.

ஒன்றை மட்டும் பார்த்தேன். கோட்டுக்குள் ஒரு கொக்குகூட இல்லை. எல்லாம் எதிர்க்கரையில் வரிசையாக நின்றன. மனைவியிடம் சொல்ல வாயெடுத்தேன். "இன்னாய்யா, கொக்கு லீவு போட்டதுக்கும் நீ பயப்படுவியா?" என்று அவள் கேட்கப்போவது எனக்கே கேட்டது. வாயை மூடிக்கொண்டேன். மழைத் தண்ணீர் ஏறியிருக்கிறது, அதனால் நிற்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் அன்றைக்கு ஒருநாள்தான் என் பயத்தை நானே அடக்கினேன்.

மகளின் தூண்டில் ஆகாயத்தாமரையில் மாட்டிக்கொண்டது. கோட்டுக்கு நன்றாக உள்ளே, கரையிலிருந்து பத்தடி இருக்கும். "எடுத்துனு வரேன்ப்பா" என்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கணுக்கால், பிறகு முழங்கால். நான் கோட்டைப் பார்த்தேன். அவள் இந்தப் பக்கம்தான் இருந்தாள். ஒரு மாங்காய்த் துண்டை எடுத்து வாயில் வைத்தேன்.

அடுத்து நிமிர்ந்து பார்க்கும்போது அவள் இல்லை.

சத்தமே வரவில்லை. ஐயோ என்றுகூட ஒன்றும் இல்லை. தண்ணீர் ஒரு சுழி சுழித்து மூடிக்கொண்டது. சிவப்புத் தக்கை மட்டும் செடியில் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஓடி இறங்கினேன். முழங்காலுக்கு மேல் வந்ததும் காலடி மண் நழுவியது. மனைவி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே அலறினாள். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தம்பி எங்களைத் தாண்டிப் பாய்ந்ததைப் பார்த்தேன். அவனும் மறைந்தான். மேலே வந்தான், வெறும் கையோடு. மறுபடி போனான். இரண்டாவது தடவை அவன் கையில் அவள் பின்னல் இருந்தது.

கரையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினான். பழுப்பாகத் தண்ணீர் கக்கினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அந்த அழுகையை இன்றைக்கும் என் காது தேடும். வீட்டில் அவள் சத்தம் கொஞ்ச நேரம் இல்லையென்றால் போதும்.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். பயமில்லை, ஒருநாள் இருக்கட்டும் என்றார்கள். வெளியே பெஞ்சில் தம்பி ஈரச் சட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லுதேன். அடிச்சாலும் அடிங்க."

"இன்னாடா?"

"வியாழக்கெழம காலைல நான் ஏரிக்குப் போனேன். நம்ம குச்சி எல்லாத்தையும் எவனோ பிடுங்கிக் கரையில போட்ருந்தான். டயர் தடம் கெடந்துச்சு. லாரி எறக்க வழி பண்ணிருப்பான் போலருக்கு. நாந்தான் எடுத்துப் பழைய எடத்துலயே நட்டுட்டு வந்தேன்."

"உள்ள ஆழம் பாத்தியா?"

"இல்லண்ணே. தண்ணி ஏறிப் போச்சு. கரையிலருந்து கோடு இருந்த வழியாவே நடந்துபோய் நட்டேன், உள்ள கால் வைக்கவே இல்ல. கோட்டுக்கு உள்ளயும் தோண்டிருப்பான்னு புத்திக்கு எட்டல."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "சொன்னா நீங்க தூங்க மாட்டிய. ஏற்கனவே மழைக்குப் பயந்து மூஞ்சி வாடிக் கெடந்திய. குச்சிதானே, நட்டுட்டா முடிஞ்சிச்சு, அண்ணனுக்குத் தெரியவே வேண்டாம்னு நெனச்சேன்."

நான் அவனை அடிக்கவில்லை. அவன் இல்லையென்றால் என் மகள் இல்லை. அவன் சொல்லியிருந்தால் அவள் இறங்கியிருக்கவே மாட்டாள். இரண்டும் ஒரே ஆள். என்ன செய்வது?

மனைவி கதவருகே நின்று எல்லாம் கேட்டிருந்தாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவன வையாத. நாங்க எல்லாருந்தான் அப்டி. உன்கிட்ட யாரு இன்னா சொல்றோம்?" என்றாள். பிப்ரவரியில் மகள் சைக்கிளோடு லாரிக்குப் பக்கத்தில் விழுந்ததை அப்போதுதான் சொன்னாள். தன் விரலில் மெஷின் பின் இறங்கித் தையல் போட்டதை, காய் நறுக்கும்போது பட்டது என்று என்னிடம் சொல்லியிருந்தாள். "நீ பயப்படுவன்னு" என்றாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே வார்த்தை வந்தது.

இத்தனை வருடம் நான் எல்லா ஆபத்தையும் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். என் வீட்டில் நடந்தது ஒன்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என் பயத்துக்குப் பயந்து அவர்கள் எல்லாவற்றையும் மூடிவைத்திருந்தார்கள். நான் கேஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நானும் தம்பியும் போய் எட்டுக் குச்சியையும் நாங்களே பிடுங்கினோம். ஸ்ட்ராப்பைச் சுருட்டி எடுத்து வந்தோம். துணி துவைக்கிற பெண்ணொருத்தி, "இன்னாண்ணா, கோட்ட எடுத்துட்டியே, இனிமே எங்க நிக்கிறது?" என்று கேட்டாள். "எங்கயும் நிக்காதம்மா. மேல படியிலயே தொவை" என்றேன். அவள் எங்களை ஒருமாதிரி பார்த்தாள்.

அதற்குப் பிறகு இது இரண்டாவது கோடை. மகள் மறுபடி தூண்டில் எடுத்துவிட்டாள். கரையில் நின்று மட்டும், செருப்பைக் கழற்றாமல். தம்பி அவளுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கிணற்றில் நீச்சல் சொல்லித் தருகிறான். நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறேன். கேஸை இன்னமும் போய்ப் பார்க்கிறேன். ஆனால் யாரும் பார்க்காதபோது பார்க்கிறேன்.

அவர்கள் ஏதாவது சொன்னால் முகத்தை அசைக்காமல் கேட்கப் பழகியிருக்கிறேன். அது கஷ்டம். நீச்சலைவிடக் கஷ்டம். முதலில் யாரும் நம்பவில்லை. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறார்கள். மனைவி லைனில் நடந்ததைச் சொல்கிறாள். தம்பி ஊரில் அவன் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்ததைச் சொன்னான்.

நேற்றுக் காலை மகள் ஏரியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். கூடையில் மீன் இல்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் தூண்டிலைச் சாத்திவிட்டு, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அளந்து பார்க்கிறாள் என்பது தெரிந்தது.

"அப்பா."

"இன்னாம்மா?"

"தொவைக்கிற படிகிட்ட எப்பவும் கொக்கு நிக்கும்ல? இன்னிக்கு ஒண்ணு கூட நிக்கல."

ஒரு கவளத்தை எடுத்து மெதுவாக மென்று விழுங்கினேன். நான் பயந்தது அவளுக்குத் தெரியக்கூடாது.

"அப்டியா," என்றேன். "கரையில டயர் தடம் எதுனா இருந்திச்சா? உக்காரு. மொத்தமும் சொல்லு."