நடிகர் சொன்ன சாட்சி

தெருவில் எல்லோரும் அவரை ஜட்ஜய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தொலைக்காட்சித் தொடர்களில் நீதிபதியாக வருபவர். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேரைத் தூக்குக்கு அனுப்பினார் என்பது அவருக்கே நினைவில்லை. நரைத்த தலை, கனத்த குரல், அசையாத முகம். இவற்றை வைத்தே பிழைப்பு ஓடியது. மளிகைக் கடைக்காரர், "ஐயா, என் மச்சானுக்கு ஒரு ஆயுள் தண்டனை போட்டு விடுங்க" என்பார். அவரும் சிரித்துவிட்டு, மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மனைவி இறந்து ஒன்பது வருடம். வெளிநாட்டில் இருக்கும் மகள் வாரம் ஒருமுறை போனில், "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்பாள். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது.

ஒருநாள் விடியற்காலையில் படப்பிடிப்பு வண்டிக்காகத் தெருமுனையில் நின்றிருந்தார். பேப்பர் போடுகிறவர் சைக்கிளில் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். சிவப்பு விளக்கை மதிக்காமல் வந்த கார் அவரை அடித்துத் தள்ளிவிட்டு, நின்று பார்த்துவிட்டு, பறந்துவிட்டது. ஜட்ஜய்யா ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. போலீஸ் விசாரித்தபோது மற்றவர்கள் மெல்ல நழுவினார்கள். வண்டி எண்ணையும் ஓட்டியவன் முகத்தையும் ஜட்ஜய்யா மட்டும் சொன்னார்.

வழக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. காரைத் தான் ஓட்டவே இல்லை என்றான் அதன் சொந்தக்காரன். ஜட்ஜய்யா சாட்சிக் கூண்டில் ஏறினார். எதிரே ஜலதோஷம் பிடித்த ஒரு பெண் நீதிபதி மூக்கைத் துடைத்தபடி எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"நடிகருங்க."

"என்ன வேஷம்?"

"நீதிபதி."

அறையே சிரித்தது.

"அப்போ இல்லாததை இருக்கற மாதிரி சொல்றதுதான் உங்க தொழில்?"

"அது எழுதிக் குடுக்கற வசனங்க. இது நான் பாத்தது."

"அன்னிக்குக் கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

"அது படிக்கறதுக்கு மட்டுந்தாங்க..."

"போட்டிருந்தீங்களா, இல்லையா?"

"இல்லைங்க." அந்தக் கனத்த குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

கார்க்காரனுக்குச் சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்தார்கள். அடுத்த வாரம் படப்பிடிப்பில், "குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி" என்ற இடத்தில் ஜட்ஜய்யாவுக்கு நாக்குக் குழறியது. "நூறு தடவை சொன்னதுதானே ஐயா, தண்ணி குடிங்க" என்றார் டைரக்டர். ஒன்பதாவது முறைதான் சரியாக வந்தது.

அன்று மாலை அவர் வீட்டை விசாரித்துக்கொண்டு, இறந்தவரின் மனைவியைப் பார்க்கப் போனார். அந்த அம்மாள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார்.

"நான் தடுமாறிட்டேம்மா. இன்னும் தெளிவா சொல்லியிருக்கணும்."

"அதை விடுங்க. கடைசியா அவர் ஏதாச்சும் சொன்னாரா? இதுவரைக்கும் யாருமே சொல்லல."

ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடலாம், அவருக்கு வராததா? ஆனால் வாய் வரவில்லை.

"ஒண்ணும் சொல்லலம்மா. என் கையைப் பிடிச்சிக்கிட்டார். விடவே இல்ல."

அந்த அம்மாள் ஊசியடியில் இருந்த துணியை எடுத்து மடித்து வைத்தார். பிறகு, "எந்தக் கை?" என்று கேட்டார். அவர் வலது கையைக் காட்டினார்.

கிளம்பும்போது அந்த அம்மாள் வாசல்வரை வந்தார். "ஏதாச்சும் தைக்கணும்னா கொண்டாங்க."

வீட்டுக்கு வந்ததும் ஜட்ஜய்யா அலமாரியைத் திறந்து, பொத்தான் அறுந்த சட்டை, தையல் விட்ட கால்சட்டை ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.