எந்த வெள்ளம்?

காலையிலிருந்து மழை விட்டபாடில்லை. கடைசிக் குடத்துத் தண்ணீரில் போட்ட காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. கைபேசியில் எங்கள் நெய்யாற்றின்கரை டவுன் தன்னார்வக் குழுவின் புதுப் படிவம் வந்து கிடக்கிறது. அவரவர் தெரு நிலவரத்தை அவரவர் நிரப்ப வேண்டுமாம். முதல் கேள்வி, ‘வெள்ளம் உண்டா?’ கீழே இரண்டு கட்டம்: உண்டு, இல்லை. அரை மணி நேரமாக என் விரல் இரண்டுக்கும் நடுவில் அலைகிறது.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் கேரள எல்லைப் பேச்சில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். ஆறு பெருகி வீட்டுக்குள் வந்தால் அதுவும் வெள்ளம்தான். பேசும்போது குழப்பம் வராது, எழுதினால்தான் வில்லங்கம்.

எழுதியவன் வேறு யார், நானேதான். நெய்யாறு கரை மீறிய ஒரு மழைக்காலம். அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் சேர்ந்து குழுவைத் தொடங்கியிருந்தோம். உதவிக்கு மதுரையிலிருந்து இரண்டு பேர் வேன் நிறையக் குடிதண்ணீர் கேனோடு வந்தார்கள். அவர்களுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. பாறசாலையில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவன் குழுவில் நான் ஒருவன்தான். வீடு வீடாக என்ன தேவை என்று பட்டியல் எழுதும் வேலை எனக்கு வந்தது, தலைக்கனமும் கூடவே வந்தது.

ஆற்றோரத் தெருவிலிருந்து ரோசம்மா அக்கா போன் செய்தார். கணவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

“மக்கா, இங்க வெள்ளம் இல்ல கேட்டியா. ஒரு துள்ளி இல்ல.”

முத்து முத்தாக எழுதினேன்: ரோசம்மா வீடு, வெள்ளம் இல்லை.

மதுரைக்காரர்கள் அதை வாசித்துச் சந்தோஷப்பட்டு அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். சாயங்காலம் நான்கு கேன் மிச்சத்தோடு திரும்பி, தண்ணீர் புகாத வீடு ஒன்றாவது இருக்கிறதே என்றார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதற்குள் அக்காவின் கணவர் தாகம் தாங்காமல் கிணற்றுக் கலங்கலைக் குடித்திருந்தார்.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். இன்றும் பிளீச்சிங் பவுடர் வாடை பட்டால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நிற்கிறேன். அங்கே அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த மழைக்கு அக்கா தானாகவே குழுவுக்கு வந்தார். பட்டியலை என் கையிலிருந்து வாங்கி, வேன் கிளம்புமுன் எல்லார் முன்னாலும் உரக்க வாசித்தார். அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“எந்த வெள்ளமாக்கும் மக்கா? குடிக்கிய வெள்ளமா, வீட்டுல கேறுன வெள்ளமா?”

பிறகு அதுவே வழக்கமாயிற்று. அக்கா வாசிக்காமல் வண்டி நகராது. ஒவ்வொரு மழைக்கும் எனக்குக் காது சுடும்.

அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது வேனருகே யாரும் கூடுவதில்லை, பட்டியல் ஓட்டுநரின் கைபேசிக்குத் தானாகவே போகிறது. படிவம் அனுப்பிய பெண்ணை அழைத்து, எந்த வெள்ளத்தைக் கேட்டிருக்கிறாய் என்றேன். “ஏதாவது ஒண்ணு தொடுங்க அண்ணே, போரும்” என்று வைத்துவிட்டாள்.

என் வீட்டு முற்றத்தில் முழங்காலளவு வெள்ளம் உண்டு. குழாயில் காலையிலிருந்து வெள்ளம் இல்லை. எந்த வெள்ளம் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.