பள்ளத்துப் பக்கம் அளக்காத மேஸ்திரி

மலைமேல் வாழவந்தியில், சரிவில் நிற்கும் எங்கள் வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டினோம். சேலத்து மேஸ்திரி மேட்டுப் பக்கச் சுவருக்கு மட்டும் அளவெடுத்து, நான்கு சுவருக்கும் அதே உயரம் என்று ஹாலோ பிளாக் கல்லுக்குக் கணக்குச் சொன்னார்.

"ஏனுங்க, பள்ளத்துப் பக்கம் அளக்கலீங்களா?" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதானுங்கம்மா" என்று சிரித்தார்.

பள்ளத்துச் சுவர் அறையின் தரைமட்டத்துக்கு எழும்புவதற்குள்ளேயே பாதிக் கல் தீர்ந்துவிட்டது. மீதியும் தீர்ந்து, அடுத்த லோடு மலையேறுவதற்குள் கோடை மழை கொட்டி, அரைகுறைச் சுவர் சரிந்தது. அதன் அடியில் கட்டியிருந்த ஆட்டை அப்போதுதான் அவிழ்த்திருந்தேன்.

"உங்க நிலம் சரிவுங்க, நான் என்ன பண்றது?" என்கிறார் மேஸ்திரி!

"நேத்து வரைக்கும் இந்த மலை சமமாவா இருந்துதுங்க?" என்று கத்திவிட்டேன்.

இப்போது எந்த மேஸ்திரி வந்தாலும், முதலில் பள்ளத்தில் இறக்கி நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறேன். அண்ணாந்து பார்த்தால்தான் அவர்களுக்குக் கணக்கு வருகிறது.