மாமனார் பார்க்காத முகம்

சிதாத்தி அன்று காலையிலிருந்து தன் பாட்டன், பூட்டன் பெயர்களை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். அகதி முகாமில் தண்ணீர் லாரிகளைப் பழுது பார்ப்பவன். எந்த இஞ்சினுக்கும் அசராதவன் இன்று ஒரு விசாரணைக்குப் பயந்தான். எங்கள் சொந்த மண்ணான மேற்கு சகாரா யாருக்கு என்று வாக்கெடுப்பு நடத்த வந்திருந்த ஐ.நா. தூதர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்கள். குலத்தின் பெரியவரான ஷேக் ஒருவர் "இவனைத் தெரியும்" என்று சொன்னால்தான் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறும். ஏறாவிட்டால், பிறந்த மண்ணைப் பற்றி அவன் வாய் திறக்கவே உரிமையில்லை.

"ஷேக் ஹமூதி உங்களைத் தூக்கி வளர்த்தவரு. அவர்தான அங்க உக்காரப் போறாரு? இதுக்குப் போயி ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு என் தூக்கத்தையும் கெடுத்தீங்க" என்றாள் மனைவி மனீனா.

விசாரணைக் கூடாரத்துக்குள் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஹமூதிக்குக் காய்ச்சலாம். அவருக்குப் பதிலாக அந்த நாற்காலியில் இருந்தவர் மனீனாவின் அப்பா, ஷேக் பூயெமா.

எங்கள் ஜனத்தில் மாப்பிள்ளை மாமனார் கண்ணில் படமாட்டான். மரியாதை என்றாலும் சரி, வெட்கம் என்றாலும் சரி. கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருடமும் அவர் எதிரே வந்தால் சிதாத்தி கூடாரங்களின் பின்பக்கமாகச் சுற்றிப் போனான். கடையில் அவர் குரல் கேட்டால் சர்க்கரை வாங்காமலே திரும்பினான். கிழவரும் லேசுப்பட்டவரில்லை. அவன் நிழல் தெரிந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்போதும் புத்தி யோசிப்பதற்குள் கால்கள் அவனை வெளியே கொண்டுபோய்விட்டன.

"பாத்தீங்களா? ஆள்மாறாட்டம். ஷேக்கைப் பாத்ததும் ஓடறான்" என்றார் தூதர். பக்கத்திலிருந்த துணைத்தூதர் அம்மாள் அவன் பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் எங்கள் பாஷையில் உரக்கச் சொன்னார்.

கூடாரத் துணிக்குப் பின்னால் நின்ற சிதாத்திக்கு அது கேட்டது. இத்தனை பெரிய ஆள், ஒரு கிழவருக்குக் கூச்சப்பட்டு ஊரையே தொலைக்கப் பார்த்தான். உள்ளே ஓடி ஒரு வார்த்தை சொல்லலாம். கால் வரவில்லை.

பூயெமா எழுந்து வாசலுக்கு வந்தார். குனிந்து, மணலில் அவன் விட்டுப்போன தடங்களைப் பார்த்தார்.

"வலது குதிகாலைச் சாய்ச்சு வைக்கிற இந்தக் கால் சிதாத்தியோடது. இருபத்திரண்டு வருஷமா என் கூடாரத்துக்குப் பின்னால பாக்கறேன். எழுதிக்கோங்க."

"கால்தடத்தை வச்சு எழுத முடியாதுங்க ஐயா. முகத்தைப் பாத்துச் சொல்லணும். அதுதான் விதி" என்றார் தூதர்.

கிழவர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் சொல்வதுபோல், துணிக்கு அப்பால் கேட்கும்படி சொன்னார்.

"அவனை வரச் சொல்லுப்பா. இன்னைக்கு ஒரு நாள் வெக்கத்தை வெளியவே விட்டுட்டு வரட்டும். நானும் விட்டுட்டேன்."

சிதாத்தி வந்தான். முகத்தை மறைத்திருந்த கறுப்புத் தலைப்பாகையை மெல்லப் பிரித்தான். மாமனாரைப் பார்க்க முடியாமல் தரையையே பார்த்தான்.

பூயெமா அவனைப் பார்த்தார். கடைசியாக அவர் பார்த்தபோது அந்த முகத்தில் அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. ஊரைவிட்டு இந்த முகாமுக்கு ஓடிவந்த வருடம் அது, கல்யாணத்துக்குச் சற்று முன். கிழவர் இன்னும் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். தெரியாது என்று சொல்லிவிடுவாரோ என்று சிதாத்தி தலைப்பாகைத் துணியைக் கசக்கினான்.

"நரைச்சுப்போச்சே" என்றார் அவர், தனக்குத்தானே. "இங்கயே உக்காந்து நரைச்சுப்போயிட்டானே."

"தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார் துணைத்தூதர்.

"என் மருமகன். எழுதும்மா, சீக்கிரம் எழுது."