கதலிப்பழமும் காது கிழிந்த மானும்

மானை விரட்டத்தான் என்னை அங்கே நிறுத்தினார்கள் என்று அறுபது வருடத்துக்கு மேலாக நம்பியிருந்தேன். போன மாதம்தான் அந்த நம்பிக்கை போனது.

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் வீடு திருகோணமலைக் கடற்கரையோரம், கோட்டைக்குக் கிட்ட. கோட்டை மான்கள் காலையும் மாலையும் எங்கள் முற்றத்துக்கு வந்து, பழத்தோல், பூஞ்செடி, கொடியில் காயும் துணி என்று அகப்பட்டதைத் தின்றுவிட்டுப் போகும். காது கிழிந்த மான் ஒன்று அம்மாவின் புதுச் சட்டையின் ஒரு கையைத் தின்றிருந்தது. அதைக் கண்டாலே அம்மா தும்புத்தடியைத் தூக்குவார்.

அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, பட்டணத்து ஸ்டூடியோ ஒன்றில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளியின் பழைய கமெராவைக் கேட்டு வாங்கி வருவார். ஊர்ப் பெரியவர்கள் வேட்டி கட்டி வந்து நின்றாலும் எடுக்கமாட்டார். கரைவலை இழுப்பவர்களின் கால்களை எடுப்பார், கருவாடு புரட்டும் பெண்களை எடுப்பார், தோணியில் நிற்கும் கொக்கை அரைமணி நேரம் காத்திருந்து எடுப்பார். மான்களோ அவர் வந்தால் பின்னாலேயே திரியும்.

அந்த வருடம் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அக்கா அழகி. ஆனால் கமெராவைக் கண்டால் முகம் கல்லாகிவிடும். பல்லைக் காட்டாதே என்று அம்மா சொல்லிச் சொல்லி எடுப்பித்த படம் இரண்டு இடத்துக்குப் போய், இரண்டு இடத்திலிருந்தும் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதாக மூதூரில் ஓர் இடம். அங்கே வாழ்க்கைப்பட்ட அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, அந்தச் சேதியோடு வந்திருந்தார். திங்கள் காலை லோஞ்சில் கடல் கடந்து திரும்பும்போது அவர் கையில் புதுப் படம் இருக்க வேண்டும்.

அந்த மாப்பிள்ளையைக் கோயில் திருவிழாவில் கண்டதாக அக்கா என் காதுக்குள் சொன்னாள். "இதுவும் திரும்பி வந்தால் நான் என்னடி செய்வன்?" என்றும் கேட்டாள். எட்டு வயதுக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது? 

ஞாயிறு பின்னேரம் மாமா கமெராவோடு வந்து, சுருளில் ஒரே ஒரு படம்தான் மிச்சம் என்றார்.

"மற்றதெல்லாம்?" என்றார் அப்பா.

"கொக்கு, அத்தான். வலை இழுக்கிற ஆக்கள். பிறகு ரெண்டு மான்."

"நாங்கள் கொக்குக்கோ கலியாணம் பேசுறம்?"

"கொக்கின்ர படமெண்டால் திரும்பி வராது," என்றார் மாமி.

முற்றத்து வேம்பின் கீழ் கதிரை போட்டு அக்காவை இருத்தினார்கள். தலை நிறைய மல்லிகை. முகம் கல். மான் வந்து காரியத்தைக் கெடுக்குமே என்று அம்மா புலம்ப, மாமா சுற்றிவரப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஆட்கள் நடுவே வரக் கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றவள் நான். உரித்த கதலிப்பழம் ஒன்றைக் கையில் தந்து, கதிரைக்குப் பின்னால் நிறுத்தினார்.

"மான் வந்தால் இதைத் தூர எறி, பிள்ளை. அது அங்கால போயிடும். வேற ஒருத்தராலயும் ஏலாது, நீதான் காவல்."

அவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் எனக்குத் தந்ததில்லை. மூச்சடக்கி நின்றேன். மாமா கமெராவுக்குள் குனிந்தார், நிமிர்ந்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி குனிந்தார். காது கிழிந்த மான் படலைக்குள் தலையை நீட்டியது. எறிய வேண்டும் என்று தெரியும், கை அசையவில்லை. கத்தலாம்தான். இத்தனை பேர் முன்னால் எப்படிக் கத்துவது? அது நேரே வந்து பழத்தை ஒரே வாயில் எடுத்தது. பிறகு அக்காவின் கழுத்தில் ஈர மூக்கை வைத்து மல்லிகையை இழுத்தது. அக்கா துள்ளித் திரும்பி, வாய் கொள்ளாமல் சிரித்தாள். கமெரா 'கிளிக்' என்றது.

"ஐயோ, பல்லெல்லாம் தெரியுதே! எருமை, எறியச் சொன்னதெல்லே?" என்று அம்மா என் தலையில் குட்டினார்.

மாமா அன்றிரவே ஸ்டூடியோவில் கழுவிக் கொண்டுவந்த படத்தில் அக்கா, மான், பின்னால் வாயைப் பிளந்தபடி நான். வேறு படம் இல்லாததால் மாமி அதையே கடதாசியில் சுற்றிக்கொண்டு லோஞ்ச் ஏறினார். அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான்தான் என்று ஒரு கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா மட்டும் ஒரு பை தோடம்பழ இனிப்பு வாங்கித் தந்தார். ஆறுதலுக்கு என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை மாமி வந்தார். பெண்ணுக்குப் பல் தெரிகிறது என்று மாப்பிள்ளையின் தாய் குறை சொன்னாராம். "சரி, படத்தைத் தாங்கோ, கொண்டுபோறன் எண்டால், பெடியன் தரமாட்டானாம்!" அக்கா குசினிக்குள் ஓடினாள். தை மாதம் கலியாணம் நடந்தது. கலியாண அவசரத்தில் என் குற்றத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தப்பினேன் என்று நானும் இருந்துவிட்டேன்.

போன மாதம் கிண்ணியாவிலிருந்து ஒரு பிள்ளை பெரிய கமெராவோடு வந்தது. துறைமுகத்து ஆட்களையும் மான்களையும் படம் எடுத்துச் சேர்க்கிறதாம். மானோடு சேர்த்து எடுக்க வேண்டும் என்று என்னை முற்றத்தில் இருத்தியது. இந்த வயதிலும் எனக்கு முகம் கல்லானது. அது தன் பையிலிருந்து ஒரு கதலிப்பழம் எடுத்து, உரித்து, என் கையில் வைத்தது.

"மான் வந்தால் எறியிறதுக்கோ, பிள்ளை?"

"எறியவா? கையில வெச்சிருந்தாத்தானேம்மா மான் கிட்ட வரும்!"

நான் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது கிழிந்த மான் ஞாயிறுதோறும் யார் கையில் பழம் தின்றது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கை ஓங்காத, வாய் திறக்காத ஒருத்தியைத் தேடித்தான் மாமா கதவுக்குப் பின்னால் பார்த்திருக்கிறார். சுருளில் ஒரு படம்தான் மிச்சம் என்றதுகூட உண்மையோ, யார் கண்டது. அந்தத் தோடம்பழ இனிப்பு ஆறுதல் இல்லை, கூலி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் பொத்தியும் அடங்கவில்லை.

"பொறுங்கம்மா," என்றது அந்தப் பிள்ளை, "மான் இன்னும் வரல்லியே."