வலம் மட்டுமே வந்த கார்

என் பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் ஊர் வேகத்தடைகளில் அடிவயிறு உரசாமல் ஏறியதே இல்லை. பார்க்கிறவர்களெல்லாம் உயரத்தைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினால் வளைவுகளில் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பும் சுகம் போய்விடுமே, அதற்கு ஜீப்பே வாங்கியிருப்பேனே என்று எரிந்து விழுவேன்.

அடி அண்ணாமலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பள்ளித் தோழன் ஒரு விரல் அகலம் மட்டும் உயர்த்தி, ஷாக் அப்சார்பர்களை இறுக்கமானவையாக மாற்றினான். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் கிரிவலப் பாதையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். கடைசிச் சுற்றில் கார் பழையபடியே திரும்பியது.

“ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்லடா” என்று பூரித்துப்போனான்.

மறுநாள் செங்கம் சாலையில், முதல் இடது வளைவிலேயே பின்பக்கம் ஆடியது. வலப்பக்க ஷாக் அப்சார்பர் தளர்ந்திருந்தது. மலையை வலமாகவே சுற்றியதில் காரும் வலப்பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. பாரமெல்லாம் இடப்பக்கச் சக்கரங்களுக்குப் போயிருக்கிறது. இதே ஊரில் பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் அது உறைக்கவே இல்லை.

அவன் சரிசெய்ததும், “ஒரு தடவ எதிர்ப்பக்கமா சுத்திப் பாத்துடலாமா?” என்றேன்.

“காருக்காக சாமிய இடமா சுத்தச் சொல்றியா? ஜவ்வாது மலைக்கு வுடு. அங்க ரெண்டு பக்கமும் வளைவு இருக்குது.”

அங்கே போனோம். எந்த வளைவிலும் கார் அசையவில்லை. போளூர் வழியாகத் திரும்பும்போது, மலையை எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் அவன் ஒர்க்‌ஷாப் கிட்டத்தில்தான். ஆனாலும் நானே ஊருக்குள் நுழைந்து, மலையை வலமாகச் சுற்றிக் கொண்டுபோய் அவனை இறக்கிவிட்டேன்.